பேட்ஜின் முதுகைப் பார்ப்பவர்

ஒரு வதந்தி உலவுகிறது. பழைய பிரிட்டிஷ் ராணுவத் தொப்பி பேட்ஜுகளைப் பார்த்து அடையாளமும் விலையும் சொல்லும் நிபுணர் ஒருவர், காய்ச்சல் ஏதும் இல்லாத நிலையில், தலையில் அடிபடாத நிலையில், கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டாராம்.

சிரிக்கிறீர்கள். நாமும் சிரித்தோம். பூனை பால் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "வேண்டாம், வயிறு சரியில்லை" என்றதாக யாராவது வந்து சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் சொன்னவர் சத்தியம் செய்தார். அவருக்குச் சொன்னவரும் சத்தியம் செய்தாராம். சரி, கிளம்பிப் போய் விசாரித்துவிடுவோம் என்று கிளம்பினோம். விசாரித்ததில் தெரிந்ததைச் சொல்வதற்கு முன்னால், அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வருவது எவ்வளவு பெரிய இயற்கை விபத்து என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். அதற்கு இந்த இனத்தை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

இந்த இனத்துக்கு மதிப்புச்சொல்லி என்று பெயர் வைத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. நம்முடைய மாதிரி, கடைவீதியின் திருப்பத்தில், சாவி வெட்டுபவருக்கும் போட்டோ சட்டம் போடுபவருக்கும் நடுவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறது. கண்ணாடிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பேட்ஜ் சேர்ப்பவர்கள் மட்டும், அவர் இல்லாத இடங்களில், போலிக்காரர் என்பார்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

கடைக்குள் போனால் இடது பக்கம் ஃப்ரேம் அடுக்கிய தட்டுகள், வலது பக்கம் பில் போடும் மேசையில் அவருடைய மனைவி, நேர் எதிரே மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துப் பலகை. அதன் முன்னால் நாற்காலியில் ஒருவர், மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணைக் கறுப்பு வில்லையால் மூடிக்கொண்டு, "நாலாவது வரி கொஞ்சம் மங்கலா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து யாராவது கைக்குட்டையில் எதையோ பொதிந்துகொண்டு உள்ளே வருவார். அவ்வளவுதான். நாற்காலிக்காரருக்கு அன்றைக்கு ஒற்றைக் கண்தான். கைக்குட்டையின் முடிச்சு அவிழ்ந்து, தீர்ப்பு வந்து, தீர்ப்புக்கு விளக்கம் வந்து, விளக்கத்துக்கு ஒரு பழைய சம்பவம் வந்து முடியும்வரை அவர் பாதி உலகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கைக்குட்டை அவிழ்ந்ததும் கண்ணாடிக்காரர் பேட்ஜைப் பார்க்க மாட்டார். கொண்டுவந்தவரைப் பார்ப்பார். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க கிடைச்சுது?" என்று கேட்பார். நீங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டி என்று சொல்லுங்கள், ஏலக் கடை என்று சொல்லுங்கள், ஆற்றில் மீன் வாயில் இருந்தது என்றுகூடச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே "ம்ம்ம்". அந்த "ம்ம்ம்"மில், நீங்கள் ஏமாந்தவர் என்பதும், உங்கள் தாத்தா ஏமாந்தவர் என்பதும், இதெல்லாம் அவருக்குப் புதிதில்லை என்பதும் அடக்கம்.

பிறகு பேட்ஜை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். முகர்ந்தால் என்ன தெரியும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கும் தைரியம் யாருக்கு இருக்கிறது? அடுத்ததாகக் குப்புறக் கவிழ்ப்பார். இதுதான் சடங்கின் உச்சம். பொன்னிறமாக மின்னும் கிரீடமும் சிங்கமும் இலைக் கொத்தும் மேசையைப் பார்த்துக் கிடக்க, அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அதன் முதுகை ஆராய்வார். தொப்பியில் செருகுவதற்கான தகடு இருக்கிறதா, தைத்து மாட்டுவதற்கான இரண்டு வளையங்கள் இருக்கின்றனவா, பற்ற வைத்த ஈயம் பழையதா, புதியதா.

"முகத்தப் பாத்து வாங்கறவன் வாடிக்கைக்காரன். முதுகப் பாக்கறவன்தான் நிபுணன்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. இதைச் சொல்லும்போது அவர் மனைவி பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே உதட்டை அசைத்துக் கூடவே சொல்வார். அவ்வளவு தடவை கேட்டாயிற்று.

கடைசியாகத்தான் கிரீடம். கிரீடத்தின் தலை மேடாக வளைந்திருந்தால் ராஜா காலம். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் ராணி காலம். எந்த ராணி என்பதில்தான் நிபுணர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திக்கொள்கிறார்கள்.

அப்புறம் தீர்ப்பு. "பாக்க நல்லாத்தான் இருக்கு" என்று ஆரம்பித்தால் புரிந்துகொள்ளுங்கள், கதை முடிந்தது. பழைய அச்சை எங்கேயோ கண்டெடுத்து எவனோ புதிதாக அடித்து விட்டிருக்கிறான், அதை அமிலத்தில் முக்கி வயசாக்கியிருக்கிறான், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். போலி. விலையா? "உங்க மனசுக்குப் பிடிச்சிருந்தா வெச்சுக்குங்க, அதுக்கு விலை இல்ல" என்பார். அந்த ஆறுதலுக்குப் பதில் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

ஏன் எப்போதும் போலி? இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். ஒன்றை அசல் என்று சொல்லி, பிறகு அது போலி என்று தெரிந்தால், வாங்கியவன் கடை வாசலில் வந்து நிற்பான். போலி என்று சொல்லி, அது அசலாக இருந்துவிட்டால்? ஒன்றும் ஆகாது. சொன்ன அன்றைக்கே அது குப்பைக்குப் போயிருக்கும். குப்பைத் தொட்டி திரும்பி வந்து யாரிடமும் கணக்குக் கேட்டதில்லை. இந்த ஒரு தத்துவத்தின் மேல் கால் ஊன்றித்தான் கண்ணாடிக்காரர் இத்தனை வருஷமாகத் தவறே செய்யாத மனிதராக நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு ஓர் எதிரி இல்லாமல் இருப்பாரா? இருந்தார். பல் டாக்டர். மாதம் ஒருமுறை நூலகத்தின் மாடி அறையில் பேட்ஜ் சேர்ப்பவர்கள் கூடுவார்கள். அங்கே கண்ணாடிக்காரர் எதையெல்லாம் போலி என்கிறாரோ அதையெல்லாம் பல் டாக்டர் அசல் என்பார். வாரம் முழுக்க ஊரார் பற்களைப் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போனவருக்கு, ஞாயிற்றுக்கிழமையிலாவது எதையும் பிடுங்கி எறிய மனம் வராது போலிருக்கிறது. மிட்டாய்க் கடை பொம்மைச் சிப்பாயின் தொப்பியைக் காட்டினால்கூட, "ரொம்ப அபூர்வம், பத்திரமா வெச்சுக்குங்க" என்று கொண்டுவந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்குவார். கூட்டத்துக்கு வருகிறவர்கள் மனசு நொந்திருந்தால் டாக்டரிடமும், மனசு மிதந்தால் கண்ணாடிக்காரரிடமும் காட்டிக்கொள்வது வழக்கமாயிற்று. உண்மை தெரிந்துகொள்ள யாரிடம் போவது என்ற கேள்வி எழவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பேட்ஜ் சேர்ப்பவர்களின் அந்தச் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி நடத்தும். அதற்கு ஒரு தலைமை மதிப்பீட்டாளர். கை வைத்த நாற்காலி ஒன்று மேடையில் போடுவார்கள். சட்டையில் ரிப்பன் குத்துவார்கள். அவர் சொன்னது சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. பழைய மதிப்பீட்டாளர் மகள் வீட்டோடு போய்விட்டதால் நாற்காலி காலியாயிற்று. கண்ணாடிக்காரருக்கு இதைவிடப் பெரிய ஆசை வாழ்க்கையில் இருந்ததில்லை. நியமனப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு இப்போதே கடைச் சுவரில் இடம் ஒதுக்கிவிட்டார். அதற்காக எழுத்துப் பலகையை ஓரமாக நகர்த்தினார். அன்று முதல் வாடிக்கையாளர்கள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கண் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். ஆனால் டாக்டரும் அதே நாற்காலியின் மேல் கண் வைத்திருந்தார். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. ஒரே ஒரு தப்புத் தீர்ப்பு வெளியே தெரிந்தால் போதும், நாற்காலி டாக்டருக்கு.

இந்தச் சமயத்தில்தான் மைத்துனன் டப்பாவோடு வந்தான்.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. ஒரு சின்ன வேன் வைத்துக்கொண்டு, மூடப்போகும் கடைகளையும் விற்கப்போகும் வீடுகளையும் காலி செய்து கொடுக்கிறவன். கிடைக்கிற தட்டுமுட்டுச் சாமான்களில் எதையாவது பொக்கிஷம் என்று நம்பி அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவான். ஓடாத கடிகாரம் வந்தது. ஒரு காது இல்லாத வெண்கல யானை வந்தது. அவனை யாரும் உருப்படாதவன் என்று சொன்னதில்லை. உருப்படியாக எதையும் கொண்டுவராதவன் என்றுதான் சொல்வார்கள். ஒரே ஒரு தடவை அத்தான் வாயால் "நல்ல பொருள்டா" என்று கேட்டுவிட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் கனவு.

"அத்தான், இத ஒரு பார்வை பாத்துடுங்க. பழைய தையல் கடை ஒண்ணு, மிலிட்டரிக்காரங்களுக்கே தச்சுக் குடுத்தாங்களாம்" என்று டப்பாவைத் திறந்து வைத்தான்.

உள்ளே நிறையப் பித்தளைப் பொத்தான்கள். பொத்தான் தன் துறை இல்லை என்று கண்ணாடிக்காரர் ஒரு விரலால் ஒதுக்கினார். அடியில் ஒன்று கிடந்தது. காப்பி நிறம், நட்சத்திர வடிவம், நடுவில் ஒரு ரோஜாப்பூ. கையில் எடுத்தார். கனமே இல்லை. பிளாஸ்டிக்.

அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியில் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தவரே திரும்பிப் பார்த்தார்.

"டேய், இது பிஸ்கட் டப்பாவோட இனாமாக் குடுத்தது. வாண்டுப் பசங்க சட்டையில குத்திக்கிட்டுத் திரியறது. எந்த ராணுவத்துலடா பிளாஸ்டிக் குத்தினான்?"

முகரவில்லை. கவிழ்க்கவில்லை. ஆம், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஊரில் உள்ள அத்தனை பேட்ஜுகளின் முதுகையும் பார்த்த மனிதர், அதன் முதுகை மட்டும் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்குக்கு எதற்கு முதுகு?

மைத்துனன் முகம் வாடிப்போயிற்று. டப்பாவை மூடப்போனவனிடமிருந்து அக்கா அந்த நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டார். அவருடைய துணிப்பையில் பொத்தான் அறுந்து ரொம்ப நாளாயிற்று. பின்பக்கம் இரண்டு பித்தளைத் தகடுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் துணியில் செருகி மடக்கினால், அதற்கென்றே செய்தது போலக் கச்சிதமாக உட்கார்ந்தது. துணியில் குத்துவதற்கென்றே செய்ததுதான் என்பது அப்போது அங்கே யாருக்கும் தெரியாது.

கூட்ட நாள் வந்தது. வாக்கெடுப்புக்கு முன்னால் டாக்டரின் உரை. அறையை இருட்டாக்கி, சுவரில் படம் காட்டிப் பேசினார். யுத்தம் முற்றிய காலத்தில் பித்தளை முழுவதும் தோட்டாவுக்கும் குண்டுக்கும் போய்விட்டது, தொப்பிக்கு மிச்சமில்லை, ஆகவே பேட்ஜுகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். சிப்பாய்களுக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. உடைத்தார்கள், தொலைத்தார்கள், யுத்தம் முடிந்ததும் தூக்கி எறிந்தார்கள். அதனாலேயே சில படைப்பிரிவுகளின் பிளாஸ்டிக் பேட்ஜ் இன்றைக்குத் தேடினாலும் அகப்படுவதில்லை, என்று சொல்லி அடுத்த படத்தைப் போட்டார்.

காப்பி நிறம். நட்சத்திரம். நடுவில் ரோஜா. சுவர் அளவுக்குப் பெரிதாக.

டாக்டர் அடுத்த படத்தைத் தட்டினார்: அதன் முதுகு. இரண்டு பித்தளைத் தகடுகள், கீழே பொடி எழுத்தில் செய்தவர் பெயர். தன் வாழ்நாளில் பார்க்கத் தவறிய ஒரே முதுகைக் கண்ணாடிக்காரர் இப்போது முழுச் சுவராகப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆடிப்போனாலும் தேற்றிக்கொண்டார். யாருக்குத் தெரியும்? பொருள் பையில், பை மனைவியின் தோளில், மனைவி கடையில். கடைக்கும் இந்த அறைக்கும் நடுவே மூன்று தெரு.

கதவு திறந்தது.

மனைவிதான். கடையில் ஒரு வாடிக்கையாளர் சோதனைச் சட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறார், வில்லைப் பெட்டியின் சாவி இவர் சட்டைப் பையில் வந்துவிட்டது, அதை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார். இருட்டில் குனிந்துகொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நடப்பதாக நினைத்து, நேரே படக் கருவியின் வெளிச்சத்துக்குள் நடந்தார். சுவரில் ஒரு நட்சத்திரம். பையில் ஒரு நட்சத்திரம். ஒன்றுக்கு ஒன்று அக்கா தங்கை மாதிரி.

டாக்டர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் அப்படியே நில்லுங்கம்மா. அந்தப் பட்டன் உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"இதுவா? எங்க தம்பி கொண்டு வந்தான்" என்றார் மனைவி. சுவரைத் திரும்பிப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த தன் கணவரைப் பார்த்தார். பில் மேசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவருக்கு ஒரு கணக்கைப் போட எவ்வளவு நேரம் பிடிக்கும்? "இவருதான் பாத்தாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பிஸ்கட் டப்பா அவர் நாக்கு நுனிவரை வந்து, புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

எல்லாத் தலைகளும் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பின. டாக்டர் கேட்டதில் குசும்பு எதுவும் இல்லை. பாவம், அவருக்கு நிஜமாகவே ஆவல்.

"நீங்களே சொல்லுங்க. இது அசலா, போலியா?"

அசல் என்றால், அசலைப் போய்ப் பெண்டாட்டி பையில் எதற்குப் பொத்தானாக மாட்டினாய் என்று கேட்பார்கள். போலி என்றால், சுவர் அளவு சாட்சி எதிரே நிற்கிறது. எழுந்து நின்றார். உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தார். நாற்காலி, ரிப்பன், கடைச் சுவரில் ஒதுக்கிய இடம் எல்லாம் கண் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றின. வாயைத் திறந்தார். வேறு வார்த்தை எதுவும் அகப்படாத நிலையில் வந்த வார்த்தை அது.

"எனக்குத் தெரியாது."

ஆக, வதந்தி உண்மை. எழுத்துக்கு எழுத்து உண்மை. அவர் சொன்னது மட்டும்தான் பொய். வாழ்நாள் பூராவும் தெரியாத எத்தனையோ பேட்ஜுகளைப் பற்றித் தெரியும் என்று சொன்னவர், நிச்சயமாகத் தெரிந்த ஒரே பேட்ஜைப் பற்றித் தெரியாது என்றார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பின்வரிசையில் யாரோ மெல்லக் கை தட்டினார். இன்னொருவர் தட்டினார். ஒரு நிபுணர் இப்படிச் சொல்லி அந்த அறை கேட்டதே இல்லை. சுவர்களுக்கே அது புதிது. டாக்டர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; அதுவும் நம்மவர் கடையில் போட்டதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிச்சல் தமக்கு இந்த வயசுவரை வந்ததில்லை என்று தழுதழுத்தார். "இவரு மாதிரி ஒருத்தர்தாங்க அந்த நாற்காலில உக்காரணும். நான் விலகிக்கறேன்" என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. பொய்யை மெச்சி நாற்காலி கொடுப்பது இது முதல் தடவையா என்ன? பேட்ஜ் சேர்ப்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சாவியோடு கடைக்குத் திரும்பும் வழியில் மனைவிக்குக் கோபம் இல்லை. சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"என்னங்க, நிஜமாவே தெரியாதா?"

"அன்னைக்கு வெளிச்சம் சரியில்ல" என்றார் கண்ணாடிக்காரர். பகல் போல எரியும் விளக்குகள் உள்ள ஒரே கடை அந்த வீதியில் அவருடையதுதான்.

"சரி. பட்டன நான் கழட்டி தம்பிகிட்ட குடுத்துடறேன். ஆனா அன்னைக்கு மூஞ்சி தொங்கிப் போய்ப் போனான் பாருங்க, அதுக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கு. 'நான் சொன்னது தப்புடா.' அத நான் குடுக்க முடியாது. நீங்கதான் குடுக்கணும்."

"அதுக்கென்ன, குடுத்தாப் போச்சு" என்றார் அவர்.

நட்சத்திரம் மைத்துனனிடம் போய்ச் சேர்ந்தது. அவன் அதை விற்கவில்லை; வேனின் முன் கண்ணாடிக்கு மேல் குத்தி வைத்திருக்கிறான். கண்ணாடிக்காரர் கை வைத்த நாற்காலியில் ரிப்பனோடு உட்கார்ந்து கண்காட்சியை நடத்தி முடித்துவிட்டார். இப்போதெல்லாம் அவர் போலி என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டார். பேட்ஜைக் கவிழ்த்துப் பார்த்து, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, "எனக்குத் தெரியாது" என்கிறார். கொண்டுவந்தவர்கள் நடுங்கிப்போகிறார்கள். இவருக்கே தெரியாது என்றால் இது எப்பேர்ப்பட்ட மோசடியாக இருக்க வேண்டும்! போலி என்று கேட்டபோது சிலராவது அழகுக்கு வைத்துக்கொண்டார்கள். இப்போது வாசலைத் தாண்டுவதற்குள் எறிந்துவிட்டுப் போகிறார்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு யார் யாரோ ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். மாமனார், மேலதிகாரி, எதிர் வீட்டுக்காரர். இருக்கட்டும். நடுவில், ராஜா கிரீடம் ராணி கிரீடம் என்று சொன்ன இடத்தில், "அது அவ்வளவு சுலபமில்லையே" என்று முணுமுணுத்தீர்கள் பாருங்கள், அது யார்? பேட்ஜை வாழ்க்கையில் கையால் தொட்டதில்லை, ஆனாலும் முணுமுணுத்தீர்கள். வேண்டுமானால் வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் இல்லாத இடத்தில் உங்களை அவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மைத்துனனைப் பார்த்தோம். கழுகுக் கண் அவனுக்கு. ஆனாலும் மூக்கில் புத்தம் புதிய கண்ணாடி. பவர் இல்லாத வெறும் கண்ணாடி. அத்தான் கொடுத்ததாம். இதோடு மூன்றாவது. "என்னமோ சொல்ல வராருங்க. தொண்டையச் செருமறாரு, பக்கத்துல வந்து நிக்கறாரு, 'தம்பி'ன்னு ஆரம்பிக்கறாரு. அப்புறம், 'உன் மூக்குக்கு இந்த ஃப்ரேம் சரியா உக்காரலியே'ன்னு சொல்லிட்டு இன்னொண்ண எடுத்து மாட்டி விட்டுடறாரு" என்றான். அக்கா அவனிடம் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியாயிற்று. அவன் அவசரப்படவில்லை. அடுத்து வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி வரும் போலிருக்கிறது, அதையும் வாங்கிக்கொள்வானாம். அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.